காலராவின் காரணம் கண்டவர்கள்

காலராவுக்குக் காரணம் கண்டவர் யார் என்று கேட்டால், ராபர்ட் கோக் என்போம். நானும் பள்ளியில் அப்படித்தான் படித்தேன். பின்னாளில் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அவருக்கு முன்னும் பின்னும் சிலர் உழைத்திருக்கிறார்கள் என்று.

19-ஆம் நூற்றாண்டில் மருத்துவர்கள் பலர், துர்நாற்றம் கலந்த கெட்ட காற்றே இந்த வாந்திபேதியைப் பரப்புகிறது என நம்பினர். லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ மட்டும், நோய் குடலைத் தாக்குவதால் நஞ்சு வாய்வழியாகத்தான் செல்கிறது என்றார். 1854-இல் சோஹோ வட்டாரத்தில் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஸ்னோ வீடு வீடாக விசாரித்தார். இறந்தவர்களில் பெரும்பாலோர் பிராட் தெரு அடிபம்பின் நீரைக் குடித்தவர்கள். அங்கிருந்த பீர் ஆலைத் தொழிலாளர்களோ அந்த நீரைக் குடிப்பதில்லை, தப்பித்தார்கள்! செப்டம்பர் 8-ஆம் தேதி பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. ஆயினும், நோய் அதற்கு முன்பே தணியத் தொடங்கியிருந்ததால் பலர் ஸ்னோவின் கருத்தை ஏற்கவில்லை. 1858-இல் அவர் காலமானார்.

அதே 1854-இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிலிப்போ பாசினி, இறந்தவர்களின் குடலில் வளைந்த கிருமியை நுண்ணோக்கி வழியே கண்டார். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1884-இல் கோக் கல்கத்தாவில் அக்கிருமியைத் தனியே பிரித்து வளர்த்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

கிருமி எப்படிக் கொல்கிறது? இதற்கு விடை சொன்னவர் கல்கத்தா மருத்துவர் சம்புநாத் டே. கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத அந்த நீரை முயலின் குடலில் செலுத்தினார். குடல் நீர் கோத்து வீங்கியது. கிருமி சுரக்கும் நச்சுதான் உடலின் நீரையும் உப்பையும் குடலுக்குள் கொட்ட வைக்கிறது என்பதை 1959-இல் வெளியிட்டார். நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை. 1985-இல் மறைந்த அவரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இழந்த நீரையும் உப்பையும் உடனே ஈடுசெய்தால் உயிர் பிழைக்கும். 1971-இல் வங்காளதேச அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகாலனாபிஸ், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்தே ஏராளமானோரைக் காப்பாற்றினார்.

இன்று வயிற்றுப்போக்குக்கு மருந்தகத்தில் வாங்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் மலிவானதுதான். ஆனால், அதன் பின்னால் இருப்பது நூறாண்டுக்கும் மேலான உழைப்பு. பிள்ளைகளுக்கு கோக்கின் பெயரோடு இவர்களின் பெயர்களையும் சொல்லிக் கொடுப்போம்.