இறையியல் கல்லூரியில் கற்பதும் சபையில் காண்பதும்: அருட்பணியின் முன் நிற்கும் சாதிக் கேள்வி

மண்டபத்தை அடுத்த வேதாளையில் 1549-ஆம் ஆண்டு, போர்த்துக்கீசியருக்கும் வடுகப் படையினருக்கும் இடையே நிகழ்ந்த மோதலில் அந்தோணி கிரிமினாலி என்னும் இயேசு சபைத் துறவி கொல்லப்பட்டார். 1693-இல் இதே இராமநாதபுரம் சீமையின் ஓரியூரில் அருளானந்தர் எனப்படும் ஜான் தெ பிரிட்டோ கொல்லப்பட்டார். இக்கடற்கரையின் கிறித்தவ வரலாறு பெரும்பாலும் இவ்விரு மறைசாட்சியரைக் கொண்டே சொல்லப்படுகிறது. சாதியை அருட்பணி எவ்வாறு எதிர்கொண்டது என்னும் கேள்வி அதில் பின்னுக்குப் போய்விடுகிறது.

பிரிட்டோ பணியாற்றிய மதுரை மிஷன் அக்கேள்விக்குத் தெளிவான விடை வைத்திருந்தது. ஆதிக்கச் சாதியினரிடையே பணியாற்றிய துறவிகள் பிராமண சந்நியாசிகளைப் போல் வாழ்ந்தனர். ஒடுக்கப்பட்டோரோடு பழகுவதைத் தவிர்த்தனர். ஏனையோருக்கெனப் பண்டாரசாமிகள் என்னும் வேறொரு பிரிவினர் இருந்தனர். பிரிட்டோவும் பண்டாரசாமியே. நற்செய்தி அனைவருக்கும் சென்றது. ஆனால் சாதி வகுத்த தனித்தனிப் பாதைகளில் சென்றது.

இவ்வேற்பாட்டை இறையியல் கல்வியே கேள்விக்கு உட்படுத்தியது 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். 1981-இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை தலித் இறையியலின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. மதுரை அரசரடியில் 1969-இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்துண்பதை அவர் திருவிருந்தின் பொருளாகக் கண்டார். சாதி முதலில் மறுப்பது உடனுண்பதையே என்பதால் இவ்விளக்கம் சாதியின் வேரைத் தொட்டது.

அக்கல்வியைப் பெற்று ஆயராகும் ஒருவர் சபைக்குள் காண்பது என்ன? சாதிவாரியான கல்லறைகள், தனித்தனிச் சப்பரங்கள், நிருவாகக் குழுத் தேர்தலில் சாதிக் கணக்கு. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் இறையூரில் தலித் கத்தோலிக்கர் சம உரிமை கோரியபோது எழுந்த மோதலும், துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்ததும் தமிழகம் அறிந்தவை. ஆயரே தலித்தாக இருப்பின், அவரது பட்டமும் அங்கியும் அவரைக் காப்பதில்லை.

சட்டமும் காப்பதில்லை. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதத்தினரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே நிற்கின்றனர். தமிழகத்தில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். எனவே 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களுக்கு மறுக்கப்படுகிறது. ஒரு போதகர் தொடர்பான வழக்கில் 2025-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் இதையே வலியுறுத்தியது.

இங்கேதான் இறையியலும் சட்டமும் சந்திக்கின்றன. சாலையோரம் செருப்புத் தைத்த ஒரு கிறித்தவ ஆதிதிராவிடர் தொடுத்த சூசை வழக்கில் 1985-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பின்னும் கிறித்தவச் சமூகத்துக்குள் அதே கடுமையுடன் சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது. அதாவது, திருச்சபைக்குள் நிலவும் தீண்டாமைதான் தலித் கிறித்தவரின் உரிமைக்குரிய சான்று. "எங்கள் சபையில் சாதி இல்லை" என்று அறிவிக்கும் ஒவ்வொரு சபையும் தன் மக்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

உண்மையை ஒப்புக்கொண்டால் மதவெறியர் அதைப் பயன்படுத்துவர் என்பது சபைத் தலைவர்கள் பலரின் அச்சம். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. எனினும், இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை வெளிப்படையாக ஏற்றது. மறைத்ததால் எதிரிகள் ஓய்ந்ததுமில்லை. மறைப்பின் விலையைத் தலித்துகளே செலுத்துகின்றனர்.

ஆகவே இறையியல் மாணவரிடமும் இளம் ஆயர்களிடமும் நாம் வேண்டுவது இது: உங்கள் சபையின் கல்லறை எவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளது, குழுவில் யார் அமர்கின்றனர், சபை நடத்தும் பள்ளியில் யாருக்கு வேலை கிடைக்கிறது என்பவற்றை எழுத்தில் பதிவு செய்யுங்கள். 2022-இல் ஒன்றிய அரசு அமைத்த கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் ஆராய எடுத்துக்கொண்டதும் இக்கேள்வியையே. அருட்பணி என்பது புதியவரைச் சேர்ப்பது மட்டுமன்று. ஏற்கெனவே உள்ளிருப்போருக்கு நீதி செய்வதும் ஆகும். அதற்கான முதல் ஆவணத்தை எழுத வேண்டியவர் சபையின் ஆயரே.