பியர் பிறக்கும் பட்டறைக்குள்: மெரிலேண்ட்ஸிலிருந்து ஒரு நாள் போய்வர

சிட்னியின் மேற்குப் புறநகரான மெரிலேண்ட்ஸுக்குப் பக்கத்து ஊரான பரமட்டாவில் 1804-ஆம் ஆண்டு அரசாங்கமே ஒரு பியர் ஆலையைத் தொடங்கியது. மக்களை ரம்மிலிருந்து விலக்க வேண்டும் என்பதே ஆளுநர் பிலிப் கிட்லி கிங்கின் நோக்கம். அன்றைய சிட்னியில் ரம் பணமாகவே புழங்கியது. கூலி ரம்மாகக் கொடுக்கப்பட்டது, நிலம் ரம்முக்கு விற்கப்பட்டது; வியாபாரம் பெரும்பாலும் படை அதிகாரிகள் கையில் இருந்தது. வீரியம் குறைந்த பியர் மலிவாகக் கிடைத்தால் ரம்மின் பிடி தளரும் என்று கிங் கணக்குப் போட்டார். பலிக்கவில்லை. ஆலை ஓரிரு ஆண்டுகளிலேயே தனியாரிடம் போய்ச் சேர்ந்தது. 1808 ஜனவரி 26 அன்று, கிங்குக்குப் பின் வந்த ஆளுநர் வில்லியம் பிளையைப் படையினரே பதவியிலிருந்து இறக்கினார்கள். அதை வரலாறு ‘ரம் கலகம்’ என்றே அழைக்கிறது.

அதே காலத்தில் பரமட்டா ஆற்றின் கரையில், கிஸ்ஸிங் பாயின்ட்டில், ஜேம்ஸ் ஸ்கொயர் என்பவர் பியர் தயாரித்துக்கொண்டிருந்தார். கோழி திருடிய குற்றத்துக்காக 1788-இல் முதல் கைதிக் கப்பல்களில் நாடுகடத்தப்பட்டு வந்தவர் அவர். பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியை இந்த மண்ணில் வளர்த்துக் காட்டி, 1806-இல் ஆளுநரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிங் மகிழ்ந்துபோய் அவருக்கு அரசாங்க மந்தையிலிருந்து ஒரு பசுவைப் பரிசளித்தார்.

சிட்னியின் மேற்குப் புறநகர்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும், அண்மையில் வேலைக்கு வந்தவர்களும் இப்போது சனிக்கிழமைகளில் நண்பர்களோடு ப்ரூவரி எனும் பியர் ஆலைகளைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். சிறு ஆலைகள் அதிகம் இருப்பது நகரின் உள்மேற்குப் பகுதியில். நியூடவுனில் 2012-இல் தொடங்கிய யங் ஹென்றிஸ், மேரிக்வில்லில் 2013-இல் தொடங்கிய பாட்ச் போன்றவை வழிகாட்ட, பின்னாலேயே பல ஆலைகள் வந்தன. மேரிக்வில்லைச் சுற்றி இவை நெருங்கி நிற்பதற்குக் காரணம் உண்டு. அது பழைய தொழிற்சாலைப் பகுதி. விமான நிலையத்துக்கு வெகு அருகில், தலைக்கு மேல் விமானங்கள் பறக்கும் இடம். அந்த இரைச்சலில் அடுக்குமாடி வீடு கட்டுவது எளிதல்ல. ஆகவே உயரமான கூரையும் சிமென்ட் தரையும் கொண்ட பழைய கிடங்குகள் வாடகைக்குக் கிடைத்தன.

உள்ளே போனதும் முதலில் தெரிவது ஈரத் தரையும் தானிய மணமும்தான். மூடிய காலணி கட்டாயம். சுற்றிக் காட்டுபவர் பெரும்பாலும் அங்கேயே பியர் தயாரிப்பவர். ஒரு கிண்ணத்தில் மால்ட் தந்து மென்று பார்க்கச் சொல்வார். வாற்கோதுமையை ஊறவைத்து, முளை விட்டதும் உலர்த்தி வறுத்தால் மால்ட். நம் வீடுகளில் குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, மாவாக்குகிறோமே, அதே வேலைதான். அதே காரணத்தால்தான் இனிக்கிறது. முளைக்கும்போது தானியத்துக்குள் நொதிகள் உருவாகி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கத் தயாராக நிற்கின்றன. மால்ட்டை உடைத்து ஏறத்தாழ 65 முதல் 68 டிகிரி சூட்டில் வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் அந்த மாற்றம் முடிகிறது. சூடு மீறினால் நொதிகள் செத்துவிடும். ஓரிரு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் பியரின் சுவையும் கனமும் மாறிவிடும் என்பதால், வெப்பமானியை விட்டு அவர்கள் கண் அகலுவதில்லை.

வடித்தெடுத்த இனிப்பு நீர் கொப்பரைக்குப் போகிறது. மிஞ்சும் சக்கையை ஒருவர் நீண்ட துடுப்பால் வாரி வெளியே தள்ளுவார். ஆவி பறக்க, வியர்வை வழியச் செய்யும் வேலை அது. அந்தச் சக்கை பல ஆலைகளிலிருந்து மாட்டுத் தீவனமாகப் பண்ணைகளுக்குப் போகிறது. கொப்பரையில் ஒரு மணி நேரம் அல்லது அதற்கு மேல் கொதிக்கும்போது ஹாப்ஸ் சேர்க்கிறார்கள். தொடக்கத்தில் போட்டால் கசப்பு இறங்கும், மணம் ஆவியாகிவிடும். கடைசியில் போட்டால் மணம் நிற்கும். ஆஸ்திரேலிய ஹாப்ஸ் வகைகளில் பேர்பெற்றது கேலக்ஸி. உருண்டையாக்கிய கேலக்ஸியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகர்ந்தால் பேஷன் பழ வாசம் தூக்கியடிக்கும்; பச்சைப் பிசின் விரலில் ஒட்டிக்கொண்டு எளிதில் போகாது. பழம் எதுவும் சேர்க்காத பியரில் பழ மணம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு விடை அந்தப் பிசினில் இருக்கிறது.

பிறகு வேகமாகக் குளிரவைத்து ஈஸ்ட் சேர்க்கிறார்கள். ஏல் வகை பியருக்கு 20 டிகிரி அளவில் ஒரு வாரம் போதும். லாகருக்கு 10, 12 டிகிரியில் பல வாரங்கள். எஃகுத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் நுனி ஒரு வாளித் தண்ணீருக்குள் முங்கியிருக்கும். அதில் குமிழ்கள் விடாமல் வந்துகொண்டிருக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வெளியேற்றும் கரியமில வாயு அது. யங் ஹென்றிஸ் 2019-இல் சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து இந்த வாயுவை நுண்பாசிக்கு உணவாக்கும் 400 லிட்டர் கலத்தை ஆலைக்குள்ளேயே நிறுவியது. பாசி கரியமில வாயுவை உண்டு ஆக்சிஜனைத் தருகிறது. மேரிக்வில்லின் வைல்ட்ஃப்ளவர் ஆலை, நியூ சவுத் வேல்ஸின் பூக்களிலிருந்து பிடித்த காட்டு ஈஸ்ட்டைக் கொண்டு மரப் பீப்பாய்களில் பியரை முதிரவைக்கிறது.

நம்மவர்கள் இதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கள்ளுத் தவறணைக்குப் போனவருக்கு, எந்த வளவுப் பனையிலிருந்து யார் இறக்கிய கள் என்பது தெரிந்திருக்கும். 2003-இல் மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் அரசின் கைக்கு வந்த பிறகு, தமிழ்நாட்டு டாஸ்மாக் கம்பிக்குப் பின்னாலிருந்து வரும் புட்டியில் அது எதுவும் தெரிவதில்லை. யார் செய்தது, எதில் செய்தது என்று கேட்கவே இடமில்லாத குடி, அவசரக் குடியாக, மறைவுக் குடியாகத்தான் முடிகிறது. அதனால் அழிந்த குடும்பங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ப்ரூவரியில் தயாரித்தவரே முன்னால் நிற்கிறார். கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

சைவ உணவு உண்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பியரைத் தெளியவைக்கச் சில இடங்களில் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் சேர்க்கிறார்கள். இப்போது அதைத் தவிர்ப்பவர்கள் அதிகம், ஆனாலும் கேட்டுக்கொள்வது நல்லது. ‘மில்க் ஸ்டவுட்’ என்று எழுதியிருந்தால் அதில் பால் சர்க்கரை இருக்கிறது. குளூட்டன் ஒவ்வாதவர்களுக்கு வழக்கமான பியர் ஆகாது.

அடுத்தது அளவு. ஆஸ்திரேலியாவில் ஒரு ‘ஸ்டாண்டர்ட் ட்ரிங்க்’ என்றால் 10 கிராம் ஆல்கஹால். சிட்னியில் ஒரு ஸ்கூனர் கோப்பை 425 மில்லி, 4.8 சதவீத பியராக இருந்தால் அது ஒன்றல்ல, 1.6 ஆகிவிடுகிறது. சுற்றுலாவின் முடிவில் மரப் பலகையில் சிறு கோப்பைகளாக வரும் ‘பேடில்’ ஆளை ஏமாற்றும். 120 மில்லி வீதம் நான்கு கோப்பை, சராசரி 6 சதவீதம் என்றால் 2.3 ஸ்டாண்டர்ட் ட்ரிங்க். அது ஓர் ஆலைக்கான கணக்குதான். நண்பர்கள் ஒரே மதியத்தில் மூன்று ஆலை ஏறி இறங்குவார்கள். தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2020 வழிகாட்டுதல், ஆரோக்கியமான பெரியவர்களுக்கே வாரத்துக்கு 10-க்கு மேல் வேண்டாம், ஒரே நாளில் 4-க்கு மேல் வேண்டாம் என்கிறது. கர்ப்பிணிகளுக்கும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் ஒரு துளியும் கூடாது.

வண்டி ஓட்டுபவருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் 0.05-க்குக் கீழே இருக்க வேண்டும். எல் பிளேட் (பழகுநர்), பி பிளேட் (புதிய ஓட்டுநர்) வைத்திருப்பவருக்குப் பூஜ்யம். டாக்ஸி, ஊபர் ஓட்டும்போது 0.02. இந்தச் சிக்கலே வேண்டாம், ரயிலில் போங்கள். மெரிலேண்ட்ஸ் நிலையத்திலிருந்து நகருக்குப் போகும் டி2 வழித்தடத்தில்தான் நியூடவுனும் இருக்கிறது.

புட்டியின் மேல் இருக்கும் பெயரை வைத்துச் சிறு ஆலை என்று நம்பிவிட வேண்டாம். பசுவைப் பரிசாகப் பெற்ற ஜேம்ஸ் ஸ்கொயரின் பெயர் இன்று லயன் நிறுவனத்தின் சொத்து. லயனோ ஜப்பானின் கிரின் குழுமத்தைச் சேர்ந்தது. மேன்லியில் பிறந்த ஃபோர் பைன்ஸ் இப்போது இன்னொரு ஜப்பானிய நிறுவனமான அசாஹியிடம் இருக்கிறது. மதுக்கூடங்களின் பியர் குழாய்களில் பெரும்பகுதி இந்த இரு பெரியவர்களுடைய ஒப்பந்தத்தில் இருக்க, சிறியவர்கள் தங்கள் வாசலிலேயே விற்றுப் பிழைக்கிறார்கள். பியர் மீதான கலால் வரி விலைவாசியோடு ஆண்டுக்கு இருமுறை ஏறும். 2025 ஆகஸ்டிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பீப்பாய் பியருக்கு மட்டும் அந்த ஏற்றம் நிறுத்தப்பட்டிருக்கிறது. அதற்கு முன்பே, 2021 ஜூலையில், கலால் தள்ளுபடியின் உச்சவரம்பு ஆண்டுக்கு 350,000 டாலராக உயர்த்தப்பட்டது. அந்தத் தள்ளுபடி இருந்தும், கோவிட் காலத்தில் தள்ளிப்போட்ட வரிக் கடன், வாடகை, மூலப்பொருள் விலை எல்லாம் சேர்ந்து அழுத்த, 2023, 2024-இல் சிட்னியிலும் மெல்பேர்னிலும் பெயர்பெற்ற பல சிறு ஆலைகள் நொடித்துப்போய் நிர்வாகிகளிடம் ஒப்படைக்கப்பட்டன.

போவதற்கு முன் தொலைபேசியில் ஒரு கேள்வி கேளுங்கள்: அன்று கொப்பரை கொதிக்குமா? பல ஆலைகளில் தயாரிப்பு வாரநாட்களில்தான் நடக்கிறது. சனி, ஞாயிறில் தொட்டிகளும் கூட்டமும்தான் இருக்கும். வேலை நடக்கும் நாளாகப் பார்த்து ஒரு நாள் விடுப்பு எடுத்துப் போங்கள். ஓர் ஆலை போதும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், குடிக்காத நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பார்ப்பதற்கு அவருக்கும் அங்கே நிறைய இருக்கிறது.