ஒரு கல், பல கத்திகள்

சிராங்கூன் சாலையின் தொடக்கத்தில் இருக்கும் தேக்கா ஈரச்சந்தைக்குப் போனால் கத்திகளைக் கவனியுங்கள். ஆட்டிறைச்சிக் கடையில் எலும்பு பிளக்கும் கனத்த வெட்டுக்கத்தி, மீன் கடையில் முள்ளை ஒட்டிச் சதையைப் பிரிக்கும் மெல்லிய கத்தி. வீட்டு அடுக்களையிலும் அகலமான சீனக் கத்தி, ரொட்டிக் கத்தி, ஊரிலிருந்து வந்த அரிவாள்மணை என்று பல வடிவங்கள் சேர்ந்துவிடுகின்றன. பெரும்பாலானவற்றுக்கு 1000 எண் நீர்ச்சாணைக்கல் ஒன்றே போதும். கோணமும் கையசைவும்தான் மாறும்.

மெல்லிய கத்திக்குப் பக்கத்துக்கு 15 பாகை, சாதாரணச் சமையல் கத்திக்கு 20, எலும்பு வெட்டுவதற்கு 25க்குக் குறையக் கூடாது. ஒடுங்கிய விளிம்பு இலகுவாக அறுக்கும். எலும்பில் பட்டால் உதிர்ந்துவிடும். கோணத்தை அளக்கக் கருவி வேண்டாம். அலகின் அகலத்தில் கால் பங்கு முதுகை உயர்த்தினால் ஏறக்குறைய 15 பாகை, மூன்றில் ஒரு பங்கு என்றால் 20. ஆகவே 4 செ.மீ. அகலக் கத்தியின் முதுகு 1 செ.மீ. உயர்ந்தால், 8 செ.மீ. சீனக் கத்திக்கு 2 செ.மீ. உயர வேண்டும். இரண்டையும் ஒரே உயரத்தில் பிடித்தால், அகலக் கத்தியின் பக்கம்தான் தேயும். விளிம்பைக் கல் தொடாது.

நுனி வளைந்த கத்தியென்றால், வளைவு வரும்போது கைப்பிடியைச் சற்றுத் தூக்குங்கள். ஒரு பக்கம் தேய்த்ததும் மறுபக்கம் நெடுகப் பிசிறு எழும். முதுகிலிருந்து விளிம்புப் பக்கமாக விரலை மெல்ல இழுத்தால் நெருடும். அது நெருடும்வரை கத்தியைத் திருப்பாதீர்கள். சாணை பிடிப்பதில் முக்கியமான அடையாளம் இதுதான். பிறகு இரு பக்கமும் மாறி மாறி இலேசாக இழுத்துப் பிசிறை எடுத்துவிடலாம்.

ஜப்பானிய சஷிமி கத்திக்குச் சாய்வு ஒரு பக்கம் மட்டுமே. மறுபக்கத்தைக் கல்லில் படுக்கவைத்துப் பிசிறை நீக்கினால் போதும். ரொட்டிக் கத்திக்குத் தட்டைக்கல் உதவாது. ஒல்லியான உருண்டைச் சாணைக்கோலால் ஒவ்வொரு பல்லிடுக்காகத் தேய்க்க வேண்டும்.

அரிவாள்மணையின் அலகு பலகையோடு பிணைந்தது. அதனால் கல்தான் அலகிடம் போக வேண்டும். அதன் வளைவில் அகலக் கல் படியாது. கதிர் அரிவாள் தீட்டும், இரு முனையும் ஒடுங்கிய கல் படியும். பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு, விளிம்பிலிருந்து முதுகுப் பக்கமாகவே கல்லை நகர்த்துங்கள். விரல் கூரின்மேல் வழுக்காது. தீட்டியதும் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவிவையுங்கள். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும்.

கத்தியைச் செருகி இழுக்கும் சிறு சாணைக் கருவிகளில் கோணம் பெரும்பாலும் ஒன்றே. சஷிமி கத்திக்கும் அரிவாள்மணைக்கும் அவற்றை வாங்காதீர்கள்.