முன்னாடி 'டமாலா'... பின்னாடி 'டமாலா'?

தெருமுனையில் 'டமால்!' தீபாவளிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே என்று எட்டிப் பார்த்தால், நம்ம மச்சானின் பழைய பெட்ரோல் பிக்கப்! காய்கறி லோடு அடிக்க ஆசை ஆசையாக வாங்கியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில், "இன்ஜினை இறக்கியே ஆகணும்" என்று சொல்லிவிட்டார்கள். இறக்கினால் மச்சானின் பிழைப்பும் சேர்ந்து இறங்கிவிடும்.

கடைசியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனோம். மனிதர் ஸ்பானரைத் தொடவே இல்லை. "ஒரே கேள்வி தம்பி. சத்தம் முன்னாடியா, பின்னாடியா?"

பாதி வைத்தியம் இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது!

முன்னாடி, அதாவது கார்புரேட்டர் பக்கம் வெடிக்கிறதா? கலவையில் பெட்ரோல் குறைவாக இருக்கலாம் (ஜெட்டில் அடைப்பு, இன்டேக்கில் காற்றுக் கசிவு). ஸ்பார்க் தப்பான நேரத்தில் வரலாம். இன்டேக் வால்வு சரியாக மூடாமலும் இருக்கலாம்.

பின்னாடி, சைலன்ஸரிலா? எரியாத பெட்ரோல் அங்கே போய்ச் சூட்டில் பற்றிக்கொள்கிறது. ப்ளக் 'மிஸ்' அடிக்கலாம், டைமிங் பின்தங்கியிருக்கலாம். ஆக்ஸிலேட்டரை விடும்போது மட்டும் வெடித்தால், சைலன்ஸர் ஜாயின்ட்டில் காற்று நுழைகிறதா என்று பாருங்கள்.

செலவில்லாத சோதனைகள்தான் முதலில். ப்ளக்கைக் கழற்றுங்கள். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, பிஸ்கட் கலர் என்றால் பிரமாதம்! பிறகு ப்ளக் ஒயர் வரிசை. நாலு சிலிண்டரில் பெரும்பாலும் 1-3-4-2, சிலதில் 1-2-4-3. அப்புறம் பாயின்ட் இடைவெளி, பல வண்டிகளில் சுமார் 0.4 மி.மீ. இதெல்லாம் சரி என்றால்தான் கம்ப்ரஷன் டெஸ்ட். இன்ஜினை இறக்குவது கடைசிக்கும் கடைசி.

ஒரு எச்சரிக்கை: ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஓடுகிற கார்புரேட்டருக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். உள்ளிருந்து தீ சீறும். மீசை பொசுங்குவதோடு போகாது, வண்டியே பற்றிக்கொள்ளலாம்.

"முன்னாடிதாங்க" என்றார் மச்சான். பெரியவர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே மயிரிழை மாதிரி ஒரு கறுப்பு விரிசல். "ஒரு சிலிண்டருக்குப் போக வேண்டிய ஸ்பார்க் பக்கத்து வீட்டுக்குத் தாவுது தம்பி!"

புது மூடி மாட்டியதோடு சரி, வெடிச் சத்தம் நின்றது.

இப்போது கடைக்காரர் புது புகார் வாசிக்கிறார்: "முன்னெல்லாம் நீ வர்றது ரெண்டு தெரு தள்ளியே தெரியும். இனிமே ஹாரனாவது அடிச்சிட்டு வாப்பா!"