ஏழு மடங்கு கயிறு

சின்னப் படகில் கடல் – 11

படகு வாங்குகிறவர்கள் எஞ்சினைப் பற்றி மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு எரிபொருள் குடிக்கும், உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். நங்கூரம் என்று வந்தால் மட்டும் படகோடு எதைத் தருகிறார்களோ அதுவே போதும். பல நேரம் அது மடக்கி வைக்கிற நாலு கொக்கி நங்கூரமாக இருக்கும். பெட்டிக்குள் அடங்கும் என்பதைத் தவிர அதற்குப் பெரிய பெருமை கிடையாது. கயாக்குக்குச் சரி. நாலு பேர் உட்கார்ந்து மீன்பிடிக்கும் படகுக்கு அதை நம்பக் கூடாது.

காற்று ஒரு படகை எவ்வளவு இழுக்கும்? இதற்கு அமெரிக்கன் போட் அண்டு யாட் கவுன்சில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 20 அடிப் படகு என்றால், 15 நாட் காற்றில் நங்கூரக் கயிற்றில் விழும் சுமை 90 பவுண்டு, அதாவது 40 கிலோ. 30 நாட் காற்றில் 360 பவுண்டு, கிட்டத்தட்ட 160 கிலோ. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலு மடங்கு. கணக்கு கொஞ்சம் தாராளம்தான், ஆனாலும் தாராளமாகவே வைத்துக்கொள்வது நல்லது. இந்தப் படகுகளில் கிடக்கும் நங்கூரமோ ஐந்தாறு கிலோ. அது தன் கனத்தால் 160 கிலோவை நிறுத்தப்போவதில்லை. கடலடி மண்ணுக்குள் புதைந்து, அந்த மண்ணைத்தான் துணைக்குப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இதை முறையாக யோசித்தவர்களில் ஒருவர் கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர். முதல் அணுகுண்டுச் சோதனையின் ஆற்றலைப் புகைப்படங்களை வைத்தே கணக்கிட்டுக் காட்டிய அதே டெய்லர். அவருக்குப் பாய்மரப் படகுப் பைத்தியம் உண்டு. 1927இல் ‘ஃப்ரோலிக்’ என்ற தன் படகில் நார்வேயின் லோஃபோட்டன் தீவுகள் வரை போய்வந்தவர். அந்தக் காலத்து நங்கூரத்தில் ஒரு கை மண்ணில் இறங்கும், மறு கை சும்மா மேலே நீட்டிக்கொண்டிருக்கும். படகு திரும்பும்போது கயிறு அதில் சுற்றிக்கொள்ளும். டெய்லர் ஏர்க்கொழுவைப் போன்ற தகட்டை ஒரு தண்டின் முனையில் அசையும்படி பொருத்தினார். இழுக்க இழுக்க அது இன்னும் ஆழமாக உழுதுகொண்டு இறங்கியது. 1933இல் காப்புரிமை பெற்ற இந்த சி.க்யூ.ஆர். நங்கூரம், எடை குறைவாக இருந்தே தீர வேண்டிய கடல் விமானங்களுக்கும் போனது.

ஆனால் எந்த நங்கூரமானாலும் ஒரு நிபந்தனை உண்டு. இழுப்பு படுக்கையாக வர வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் மண்ணிலிருந்து கழன்றுவிடும். (நங்கூரத்தை எடுக்கும்போது நாம் செய்வதும் அதுதானே!) அதனால்தான் ஆழத்தைப்போல் ஏழு மடங்கு கயிறு விடு என்கிறார்கள். மூன்று மடங்கு விட்டால் கயிறு தரையோடு 19 பாகைக்கு மேல் சாய்ந்து நிற்கும். ஐந்து மடங்கில் 11 பாகைக்குச் சற்று மேல். ஏழு மடங்கில் 8 பாகை. அதற்கு மேல் விட்டுக் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான்.

ஆழம் என்றால் எந்த ஆழம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கருவியில் 4 மீட்டர் என்று தெரிந்தால் 28 மீட்டர் கயிறு போதும் என்று நினைத்துவிடுவார்கள். கயிறு நீர்மட்டத்திலிருந்தா புறப்படுகிறது? படகின் முன்தலையான அணியத்திலிருந்து புறப்படுகிறது. அது தண்ணீருக்கு மேலே ஒரு மீட்டர். பொழுது சாய்வதற்குள் ஓதம் இன்னொரு மீட்டர் ஏறும். ஆக 6 மீட்டர், கயிறு 42 மீட்டர். இடித்துக்கொண்டு நிற்கும் படகுகளுக்கு நடுவே இவ்வளவு விட முடியாது என்றால், அது நங்கூரமிடும் இடமே அல்ல, வேறு இடம் பாருங்கள்.

கயிறு நைலானாக இருக்கட்டும். நைலான் நீளும், அலையின் வெட்டிழுப்பை வாங்கிக்கொள்ளும். மலிவாகக் கிடைக்கும் பாலிபுரோப்பிலீன் மிதக்கும், பக்கத்துப் படகின் சுழலியில் போய் மாட்டும். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே சில மீட்டர் சங்கிலி அவசியம். தண்டைத் தரையோடு படுக்கவைப்பதும், கல்லில் உராய்ந்து கயிறு அறுந்துபோகாமல் காப்பதும் அதன் வேலை. பலத்த காற்றில் சங்கிலியும் விறைத்து நேராகிவிடும், அதை மட்டும் நம்பிக் கயிற்றைக் குறைக்காதீர்கள்.

எந்த வகை வாங்குவது? மணலும் இளகிய சேறும் என்றால் டான்ஃபோர்த். இரண்டு அகலத் தகடுகள், எடைக்கு மிஞ்சிய பிடி. இரண்டாம் உலகப் போரில் கரையேறிய தரையிறங்கு கப்பல்கள் இதைப் பின்னால் போட்டுவிட்டு வந்து, பிறகு இதைப் பற்றியே தங்களைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டன. காற்று திசை மாறினால் கழன்று, திரும்பப் பிடிக்காமல் போவது இதன் குறை. நியூசிலாந்தின் பீட்டர் ஸ்மித் 2004இல் கொண்டுவந்த ரோக்னாவில் தகட்டுக்கு மேல் ஒரு வளையம் இருக்கிறது. தலைகீழாக விழுந்தாலும் உருட்டி நிமிர்த்திவிடும். என் ஓட்டு இதற்குத்தான், விலை கொஞ்சம் கடித்தாலும்.

போடும்போது வீசாதீர்கள். காற்றை நோக்கிப் போய்ப் படகை நிறுத்தி, நங்கூரம் தரை தொடும்வரை கைவழியே இறக்குங்கள். படகு பின்னால் ஒதுங்க ஒதுங்கக் கயிற்றை விடுங்கள். முழுவதும் விட்டுக் கட்டிய பிறகு எஞ்சினை மெதுவாகப் பின்னோக்கி ஓட்டி, அணியத்துக்கு வெளியே கயிற்றின்மேல் உள்ளங்கையை வையுங்கள். விண்ணென்று அசையாமல் நின்றால் பிடித்துவிட்டது. நறநறவென்று அதிர்ந்தால் அடியில் ஏதோ உரசிக்கொண்டு போகிறது. கரையில் ஒரு தென்னையும் அதன் பின்னால் ஒரு கோபுரமும் ஒரே கோட்டில் வருகிற மாதிரி பக்கவாட்டில் அடையாளம் பார்த்துக்கொள்ளுங்கள். கோடு விலகிக்கொண்டே போனால் படகு நழுவுகிறது.

இனி, உயிர் சம்பந்தப்பட்டது. 2009 பிப்ரவரி 28. ஃப்ளோரிடாவின் கிளியர்வாட்டரிலிருந்து நாலு நண்பர்கள் 21 அடிப் படகில் மெக்சிகோ வளைகுடாவுக்குள் மீன்பிடிக்கப் போனார்கள். அவர்களில் மார்க்விஸ் கூப்பர், கோரி ஸ்மித் இருவரும் தேசிய கால்பந்து லீகில் ஆடியவர்கள். கிளம்பும் நேரத்தில் நங்கூரம் அடியில் சிக்கிக்கொண்டது. கயிற்றைப் படகின் பின்பக்கம் கட்டி, எஞ்சினை முன்னோக்கி முடுக்கினார்கள். நங்கூரம் அசையவில்லை. பின்பக்கம் அமுங்கித் தண்ணீர் புகுந்து படகு கவிழ்ந்தது. மார்ச் 2ஆம் தேதி கடலோரக் காவல்படை வந்தபோது, கவிழ்ந்த படகைப் பற்றியபடி நிக் ஸ்கைலர் ஒருவர்தான் உயிரோடு இருந்தார். மற்ற மூவரும் போய்விட்டார்கள்.

பலசாலிகள், புத்திசாலிகள், தரமான படகு. கயிறு கட்டிய இடம் ஒன்றுதான் தவறு. சின்னப் படகில் எஞ்சின் பாரம் மொத்தமும் பின்னால்தான். விளிம்பும் அங்கேதான் தாழ்ந்திருக்கிறது. முன்தலை அலையைப் பிளந்து ஏறுவதற்கென்றே உயர்த்திச் செய்யப்பட்டது. சும்மா நிற்பதற்குக்கூடப் பின்பக்கம் மட்டும் நங்கூரம் கட்டாதீர்கள்.

பாறை இருக்கும் இடமென்று தெரிந்தால், போடும்போதே நங்கூரத்தின் அடிக்கண்ணில் மெல்லிய கயிறு ஒன்றைக் கட்டி, மறுமுனையில் மிதவை விடுங்கள். சிக்கினால் அதைப் பிடித்துப் பின்வழியாக உருவலாம். மிதவை இல்லையென்றால், கயிறு செங்குத்தாகும்வரை சுருட்டி அணியத்தில் கட்டிவிட்டுக் காத்திருங்கள். சிற்றலையாக இருந்தால் படகு ஏறி இறங்கும்போது பல தடவை தானே விடும். விடவில்லையா, அலை பெரிதாகிறதா, அறுத்துவிடுங்கள். இதற்காகவே கயிற்றின் கடைசி முனையை ஷேக்கிள் போட்டு இறுக்காமல், கத்திக்கு மசியும் சன்னக் கயிற்றால் படகோடு கட்டிவைப்பார்கள். கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அறுப்பதற்கு முன் அந்த முனையில் ஒரு மிதவையைக் கட்டிவிட்டு, ஜிபிஎஸ்ஸில் இடத்தையும் குறித்துக்கொண்டால், கடல் அடங்கிய ஒரு நாள் போய் நங்கூரத்தையும் தேடிப் பார்க்கலாம்.