எண்ணிக்கையைத் தலைகீழாக்கிய படம்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும்போது பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கிவரும் எண்களைக் கேட்டிருப்பீர்கள். இந்தக் கவுன்ட் டவுனை உலகத்துக்குப் பழக்கியது ஒரு சினிமா! ஃபிரிட்ஸ் லாங் இயக்கி, 1929-ல் பெர்லினில் வெளியான ‘நிலவில் பெண்’ என்ற ஜெர்மன் படம். அது பேசாப்படம். அதனால் எண்களை எழுத்தாகவே திரையில் காட்டினார்கள். ஒன்று, இரண்டு என்று ஏறிக்கொண்டே போனால் ராக்கெட் எப்போது கிளம்பும் என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? இறங்கி வந்தால் யாருக்கும் புரியும். பரபரப்பும் கூடும். இதுதான் லாங் போட்ட கணக்கு.

அறிவியல் ஆலோசகர், ராக்கெட் ஆய்வாளர் ஹெர்மன் ஓபெர்த். அதனால்தான் படத்தில் அவ்வளவு நேர்த்தி. பல அடுக்கு ராக்கெட், அதை நிமிர்த்தியபடியே ஏவுமிடத்துக்கு நகர்த்துவது, கிளம்பும்போது பயணிகள் படுத்துக்கொள்வது, எடையிழந்து மிதக்காமலிருக்கக் கால்களை மாட்டிக்கொள்ளத் தரையில் பட்டைகள் என எல்லாம் யோசித்துச் செய்தவை. மனிதன் விண்வெளிக்குப் போக இன்னும் 32 ஆண்டுகள் இருந்த காலம் அது!

1969 ஜூலையில் அப்போலோ 11 நிலவுக்குப் புறப்பட்டதை, ஃபுளோரிடாவில் நேரில் நின்று பார்த்தவர்களில் ஓபெர்த்தும் ஒருவர்.