பெருக்கினால் மட்டும் போதாது: வெளிநாட்டு வேலையும் வீட்டுக் கணக்கும்

சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் வெளிநாட்டு வேலைக்கான கடிதம் ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்தால், அதில் குறிக்கப்பட்ட திர்ஹத்தையோ ரியாலையோ சிங்கப்பூர் டாலரையோ அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கி, கிடைக்கும் ரூபாய்த் தொகையை இப்போதைய சம்பளத்தோடு ஒப்பிடுவதே பெரும்பாலும் முதல் வேலையாக இருக்கிறது. பெருக்கலில் பிழை இருக்காது. ஆனால் மாற்று விகிதம் ஊருக்கு அனுப்பப்படும் பணத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதும், போன இடத்தில் செலவாகும் பணத்துக்கு அது பொருந்தாது என்பதும் அந்த ஒப்பீட்டில் விடுபட்டுப் போகின்றன. எனவே சம்பளம் எவ்வளவு என்ற கேள்விக்கு முன்னால் குடும்பம் உடன் செல்கிறதா, ஊரிலேயே இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை காண வேண்டும். அந்த விடையைப் பொறுத்து ஒரே கடிதம் இரண்டு வெவ்வேறு வேலைகளாகிவிடுகிறது.

இந்த வட்டாரத்துக்கு இத்தகைய அழைப்புகள் வருவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1949இல் டிஐ சைக்கிள்ஸ் தொழிற்சாலை அம்பத்தூரில் தொடங்கியது, 1960களின் தொடக்கத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்து அங்கிருந்து விஜயந்தா பீரங்கி வண்டிகள் வெளிவந்தன, 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. வெல்டர், ஃபிட்டர், டர்னர், சிஎன்சி இயந்திர ஆபரேட்டர் என மூன்று தலைமுறைக் கைத்தொழில் அறிவு இவற்றைச் சுற்றி வளர்ந்தது. பின்னர் ஐடி பூங்காக்களும் சேர்ந்துகொண்டதால், ஒரே தெருவில் ஒருவருக்குக் கத்தாரில் குழாய் வெல்டிங் வேலையும் இன்னொருவருக்கு ஜெர்மனியில் மென்பொருள் வேலையும் கிடைக்கக்கூடிய நிலை வந்துள்ளது. 2015ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிபெயர்வு ஆய்வு, மாநிலத்திலிருந்து வெளிநாடு சென்றிருந்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. அவர்கள் மிகுதியாகச் சென்ற இடங்களில் சிங்கப்பூரும் ஐக்கிய அரபு அமீரகமும் முன்னிலையில் இருந்தன.

மாற்று விகிதம் ஏன் ஏமாற்றுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, பொருளாதார அறிஞர்கள் ‘வாங்கும் திறன் சமநிலை’ என்று வழங்கும் அளவு உதவும். ஒரே வகையான பொருள்களையும் சேவைகளையும் இரு நாடுகளில் வாங்க எவ்வளவு பணம் தேவை என்பதை ஒப்பிட்டுக் கணிக்கும் விகிதம் அது. உலக வங்கியின் ஒருங்கிணைப்பில் நடந்த ஒப்பீட்டுத் திட்டத்தின்படி, 2017இல் சந்தையில் ஒரு டாலருக்கு 65 ரூபாய் தரப்பட்டபோது, அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை இந்தியாவில் வாங்க 20 ரூபாய் 65 காசு போதுமானதாக இருந்தது. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், முடிதிருத்தம், வீட்டு வேலைக்கு ஆள் போன்ற, நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாத சேவைகள் இந்தியாவில் மலிவாக இருப்பதே இந்த இடைவெளிக்கு முதன்மைக் காரணம். குடும்பத்தோடு வெளிநாடு செல்பவர் இந்த மலிவை முற்றிலும் இழக்கிறார். தனியாகச் சென்று குடும்பத்தைத் திருமுல்லைவாயிலிலோ பட்டாபிராமிலோ விட்டுச் செல்பவர் அதைத் தக்கவைத்துக்கொள்கிறார். அதற்கு அவர் தரும் விலை பிரிவு.

தனியாகச் செல்பவரின் கணக்கை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணிபுரியும் ஒரு வெல்டருக்குக் கையில் மாதம் ரூ.22,000 வருகிறது, வீட்டுச் செலவு ரூ.20,000, வருங்கால வைப்பு நிதியில் அவர் பங்கும் நிறுவனத்தின் பங்கும் சேர்ந்து ரூ.3,600 சேர்கிறது என்று கொண்டால், மாத மிச்சம் ரூ.5,600. தங்குமிடமும் போக்குவரத்தும் நிறுவனமே தருவதாகவும் சம்பளம் 1,800 திர்ஹம் எனவும் துபாயிலிருந்து கடிதம் வருகிறது, திர்ஹத்துக்கு ரூ.23 என்று வைத்தால் அது ரூ.41,400, ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் சாப்பாடு, கைபேசி, சில்லறைச் செலவுகளுக்கு அங்கே 600 திர்ஹம் போனால், அனுப்ப முடிவது ரூ.27,600. அவர் இல்லாததால் ஊரில் வீட்டுச் செலவு பாதியாகிவிடாது. வாடகை, மின்கட்டணம், பள்ளி, பெற்றோரின் மருந்து எல்லாம் அப்படியே நிற்க, அவருடைய சாப்பாடும் பெட்ரோலும் மட்டும் குறைந்து செலவு ரூ.16,000 ஆகிறது. எஞ்சுவது ரூ.11,600, பழைய மிச்சத்தைவிட மாதம் ரூ.6,000 கூடுதல், இரண்டாண்டு ஒப்பந்தக் காலத்துக்கு ரூ.1,44,000. இந்த வேலைக்காக ஏஜென்டிடம் ரூ.1,20,000 கொடுக்க நேர்ந்து, அந்தப் பணத்தை மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கி, முதலை ஓராண்டு கழித்துத்தான் அடைக்க முடிந்தது என்றால், வட்டி மட்டும் ரூ.28,800. மொத்தச் செலவு ரூ.1,48,800. இரண்டாண்டு பாலைவன வெயிலில் உழைத்தும், ஊரிலேயே இருந்திருந்தால் சேர்ந்திருக்கும் தொகையைவிடச் சற்றுக் குறைவாகவே அந்தக் குடும்பம் சேர்த்திருக்கும்.

அதே கடிதத்தில் 2,500 திர்ஹம் என்றிருந்தால் நிலை தலைகீழாகிறது. அங்குள்ள செலவு மாறாததால் கூடுதலான 700 திர்ஹமும் அப்படியே மிச்சமாகி, மாதக் கூடுதல் ரூ.22,100 என்று, அதாவது முந்தையதைப் போல மூன்றரை மடங்குக்கும் மேலாக உயர்கிறது. சம்பளம் நாற்பது சதவீதத்துக்கும் குறைவாகக் கூடும்போதே பலன் இவ்வளவு பெருகுவதால், கையெழுத்திடும் முன் இருநூறு முந்நூறு திர்ஹத்துக்குப் பேரம் பேசுவது சிறுமையான செயல் அன்று. தனியாகச் செல்பவருக்கு அதைவிட இலாபமான வேலை வேறில்லை.

குடும்பத்தோடு செல்ல நினைப்பவர்களுக்கு முதல் தடை சட்டத்திலேயே இருக்கிறது. ‘ஸ்பான்சர்’ எனப்படும் பொறுப்பேற்பு முறையில் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள, அமீரகத்தில் மாதம் 4,000 திர்ஹமோ, தங்குமிடத்துடன் 3,000 திர்ஹமோ சம்பளம் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் சார்ந்தோருக்கான அனுமதிச் சீட்டுக்கு மாதம் 6,000 சிங்கப்பூர் டாலர் நிலையான சம்பளம் தேவை. ‘ஒர்க் பெர்மிட்’டில் செல்லும் கட்டுமான, கப்பல் பட்டறைத் தொழிலாளர்களுக்கு அந்த வழியே இல்லை. சவூதி அரேபியா 2017 ஜூலையில் சார்ந்தோர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்து, அதை ஆண்டுதோறும் உயர்த்தி 2020இல் 400 ரியால் ஆக்கியது; மனைவியும் இரு குழந்தைகளும் கொண்ட குடும்பத்துக்கு இது மாதம் 1,200 ரியால் என்பதால், அப்போது பல தமிழ்க் குடும்பங்கள் தாய்மார்களையும் குழந்தைகளையும் ஊருக்கு அனுப்ப நேர்ந்தது.

குறைந்தபட்சச் சம்பளத்தைத் தாண்டுவது வேறு, வசதியாக வாழ்வது வேறு. பூவிருந்தவல்லியில் ரூ.90,000 ஈட்டும் பொறியாளருக்கு 10,000 திர்ஹம் சம்பளம் வந்தால், ரூ.2,30,000 என்ற பெருக்கல் விடையைக் கண்டு வீடு மகிழ்வது இயல்பு. அவருடைய மனைவி ரூ.45,000 சம்பளத்தில் ஆசிரியையாக இருந்து அந்த வேலையை விட வேண்டுமானால், ஒப்பிட வேண்டிய உள்ளூர் வருமானம் ரூ.1,35,000. துபாயில் வாடகையும் மின்கட்டணமும் 4,500, இரு குழந்தைகளுக்கு இந்தியப் பள்ளியும் பேருந்தும் 1,800, உணவும் பயணமும் 2,000, மருத்துவக் காப்பீடும் ஆண்டுக்கொரு முறை ஊர் வரும் விமானக் கட்டணமும் மாதத்துக்குப் பங்கிட்டால் 500 என்று மிதமாகப் போட்டாலும், எஞ்சுவது 1,200 திர்ஹம், அதாவது ரூ.27,600. ஊரில் இருவர் சம்பளத்தில் மாதம் நாற்பதாயிரம் சேர்த்துவந்த குடும்பத்துக்கு இது இறக்கமே. மனைவிக்கும் அங்கே வேலை கிடைத்தால் கணக்கு மாறும். ஆகவே அவருடைய வேலைவாய்ப்பை விசாரிக்காமல் கணவரின் கடிதத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பது அரைக் கணக்கு. மனைவி விட்டுச் செல்லும் பணிமூப்பைப் பற்றி வீடுகளில் போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது வருந்தத்தக்கது.

அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, ஆனால் பள்ளியும் குடும்பத்தின் மருத்துவமும் பெரும்பாலும் சொந்தப் பணம். ஜெர்மனியில் வரியும், ஓய்வூதியம், மருத்துவம் போன்ற சமூகக் காப்பீட்டுப் பிடித்தங்களும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் போய்விடுகின்றன. ஆனால் அரசுப் பள்ளிக்குக் கட்டணமில்லை, பொது மருத்துவக் காப்பீட்டில் வருமானமில்லாத துணைவரும் குழந்தைகளும் கூடுதல் கட்டணமின்றிச் சேர்கிறார்கள், குழந்தை ஒன்றுக்கு மாதந்தோறும் உதவித்தொகையும் (2025இல் 255 யூரோ) உண்டு. தனி ஆளுக்கு வளைகுடாவும், சிறு குழந்தைகளுள்ள குடும்பத்துக்கு ஜெர்மனியும் பொருந்திவருவதற்கு இந்த அமைப்பு வேறுபாடு ஒரு காரணம்.

ஊரில் இழப்பவை சம்பளச் சீட்டில் தெரிவதில்லை. மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ள தொழிலாளர்களுக்கான ஈ.எஸ்.ஐ. எனும் அரசுக் காப்பீட்டில், தொழிலாளியின் பங்கு வெறும் 0.75 சதவீதம், அதற்கு ஈடாக அவருடன் மனைவி, குழந்தைகள், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோர் ஆகியோருக்கும் அயனாவரம், கே.கே. நகர் மருத்துவமனைகளில் சிகிச்சை கிடைக்கிறது. வேலையை விட்டால் இந்தப் பாதுகாப்பும் நின்றுவிடும் என்பதால், சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ள பெற்றோர் வீட்டில் இருந்தால், அதற்கு மாற்றாக எடுக்க வேண்டிய தனியார் காப்பீட்டின் ஆண்டுச் சந்தாவைப் புதிய சம்பளத்திலிருந்து கழித்தே பார்க்க வேண்டும். மூத்த வயதினருக்கு, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு, அந்தச் சந்தா அதிகமாகவும் காத்திருப்புக் காலம் நீண்டதாகவும் இருக்கும்.

குழந்தைகளின் கல்வியில் இன்னொரு நுட்பமான இழப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் வழங்கப்படும் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு, 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். ஆவடி அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவி இரண்டாண்டு மஸ்கட்டில் படித்துவிட்டுத் திரும்பினால் அந்த வாய்ப்பு போய்விடும். மறுபக்கம், வளைகுடாவில் பணிபுரியும் இந்தியர்களின் பிள்ளைகளுக்கு தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் தனி இடங்கள் உண்டு. பிள்ளை எந்த வகுப்பில் இருக்கும்போது குடும்பம் கிளம்புகிறது என்பது இவ்வளவு எடையுள்ள கேள்வி.

வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர்களை 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பதிவு பெற்ற முகவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்ச வரம்பு ரூ.30,000, அதற்கு மேல் ஜிஎஸ்டி. அதற்கு ரசீதும் தர வேண்டும். மேலே கண்ட ரூ.1,20,000 சட்டத்தின் கண்ணில் கட்டணமே அன்று. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, குடிபெயர்வோர் பாதுகாவலர் எனும் மத்திய அரசு அதிகாரியின் அனுமதி தேவை. அப்போது ஒப்பந்தம் சரிபார்க்கப்படுவதோடு, இரண்டாண்டுக்கு ரூ.275 சந்தாவில் ரூ.10 லட்சம் விபத்துக் காப்பீடும் சேர்கிறது. ஐடிஐ முடித்த அம்பத்தூர்த் தொழிலாளி பத்தாம் வகுப்புத் தேறியவராக இருந்தால் அவருக்கு இந்த அனுமதி தேவையில்லை, அதனாலேயே இந்தச் சரிபார்ப்பும் தானாக நடப்பதில்லை. படித்தவருக்குச் சட்டம் தரும் சுதந்திரத்தில் அவருடைய ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கும் பொறுப்பும் அவர் தலையிலேயே விழுகிறது. கிண்டியில் இயங்கும், 1978இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், முகவரை நாடும் முன் தட்டிப் பார்க்க வேண்டிய கதவு. ஒருவர் பெயரில் விசா வாங்கி வேறு இடத்தில் வேலை தேடும் ‘ஃப்ரீ விசா’ என்ற ஏற்பாட்டுக்கு எந்த நாட்டுச் சட்டத்திலும் இடமில்லை; அதில் சிக்கியவருக்குச் சம்பளம் கிடைக்காவிட்டாலும் முறையிட இடமிருக்காது.

ஒப்பந்தத்தில் மொத்தச் சம்பளத்தைவிட ‘பேசிக்’ எனப்படும் அடிப்படைச் சம்பளத்தைத் தேடிப் படிப்பது நல்லது. அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பணி முடிந்து வெளியேறும்போது தரப்படும் பணிக்கொடை முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். ஓவர்டைம் கூலியும் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. 1,800 திர்ஹத்தில் 1,000 மட்டும் பேசிக் என்றும் மீதி படிகள் என்றும் பிரித்து எழுதப்பட்டிருந்தால், 1,600 பேசிக் உள்ள அடுத்தவரைவிட இவருக்கு ஒவ்வொரு மணி நேர ஓவர்டைமிலும் குறைவாகவே வரும்.

திரும்பி வரும் நாளுக்கான ஏற்பாட்டைக் கிளம்பும் முன்பே செய்துவைக்க வேண்டியிருக்கிறது. வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுச் சேவை தேவை. எட்டாண்டு வேலை செய்த ஒருவர், விமானச் சீட்டுக்காகவும் ஏஜென்டுக்காகவும் பி.எஃப். பணத்தோடு ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால், திரும்பி வந்து அம்பத்தூரில் சேரும்போது அவருடைய சேவை பூச்சியத்திலிருந்து தொடங்கும். அதை எடுக்காமல் ‘ஸ்கீம் சர்டிஃபிகேட்’ எனும் சேவைச் சான்றிதழாக வாங்கி வைத்திருந்தால், மேலும் இரண்டாண்டு வேலையிலேயே ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற்றுவிடுவார்.